பற்றவைக்காத டார்ச்

திருமணமான புதிதில் நாங்கள் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் ஏர்கோன் பொருத்தும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தார். வார நாட்களில் பெரிய கட்டடங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், தெரிந்தவர்கள் மூலமாக வரும் வீட்டு வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்வார். அவரோடு கூட்டாக இருந்த நண்பர் பந்திங் ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த ஆளுக்கு எங்கே போவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் வருகிறேன் என்றேன்.

முதலில் சிரித்தார். நான் அப்போது ஒரு மரச்சாமான் கடையில் டைப்பிஸ்ட். ஆனால் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இரண்டு கை போதுமே. சில வாரங்களில் எந்த ஸ்பேனர் எதற்கு, எந்தக் குழாய் எங்கே போகும் என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குப் பிடித்துப்போயின. அவருடைய சின்ன லோரியில் முன்னால் உட்கார்ந்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் காற்று வாங்கிக்கொண்டு போவேன். வேலை முடிந்ததும் எங்காவது சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம்.

நான் சொல்லப் போகும் அந்த ஞாயிறன்று மட்டும் லோரிக்குள் சண்டை. எனக்குத் தள்ளிப் போயிருந்தது. கிளினிக்கில் உறுதி செய்துவிட்டோம். மூன்று மாதம் கழியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாந்தி அதிகம் இல்லை. ஆனால் மூக்கு மட்டும் என்னுடையது போலவே இல்லை. பக்கத்து வீட்டில் மீன் கழுவினால் என் தலையணை வரை வரும். அவர் தலைக்கு வைக்கும் கிரீமை மாற்றச் சொல்லி மாற்றியாகிவிட்டது. அன்று காலை சுபாங் தாண்டியதும் பெட்ரோல் ஒழுகுகிறது என்று லோரியை ஓரம் கட்ட வைத்தேன். அவர் கீழே படுத்து, சட்டையெல்லாம் புழுதியாகி எழுந்தார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வயர் கருகும் வாடை என்றேன். மறுபடியும் நிறுத்திப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் போன பஸ்ஸின் புகைதான் அது.

"இனிமே வாடை கீடைன்னு வாயத் தொறக்காத," என்றார். "பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன் லா."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடி வீடு அது. லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்து வழி வந்தவர். கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. நாங்கள் அவரை ஆன்டி என்று அழைத்தோம். மகள் பிரசவத்துக்கு வந்து, ஒரு மாதம்கூட ஆகாத ஆண் குழந்தையோடு அங்கே இருந்தார். மகன் கல்யாணம் ஆகாதவர்; அம்மாவுடனேயே இருந்தார். தாயும் பிள்ளையும் படுக்கும் அறையின் ஏர்கோனில் கம்ப்ரசர் எரிந்துவிட்டது. சுவிட்சைப் போட்டாலே வீட்டுக் கரண்ட் முழுவதும் போய்விடும். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அவர்களை ஹாலில் காற்றாடிக்குக் கீழே மாற்றியிருந்தார்கள்.

என் கணவர் முந்தின வாரமே வந்து பார்த்து, புது கம்ப்ரசருக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை அவரும் மகனும் சேர்ந்து மாடிக்குத் தூக்கினார்கள். ஏர்கோனின் வெளிப்பெட்டி, படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்ட் பலகையின் மேல் இருந்தது. பலகைக்குத் தடுப்பு எதுவும் இல்லை. கீழே மூன்று மாடி பள்ளம். ஜன்னல் கம்பிக் கதவைத் திறந்து, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டிவிட்டுத்தான் அவர் வெளியே இறங்கினார்.

கம்ப்ரசரை மாற்ற வேண்டும் என்றால் முதலில் உள்ளே இருக்கும் கேஸை வெளியே எடுக்க வேண்டும். பலர் குழாயை வெட்டி அப்படியே காற்றில் விட்டுவிடுவார்கள். இவருடைய நிறுவனம் இவரைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. பழைய கேஸை ஒரு மெஷின் வழியாக உறிஞ்சி, காலி சிலிண்டரில் பிடித்து வைக்கும் முறையை அங்கே கற்றுக்கொண்டு வந்தார். அதிலிருந்து அதைத் தவிர வேறு மாதிரி செய்ய மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மெஷினைக் கொண்டுபோக மேலாளரிடம் அனுமதியும் வாங்கியிருந்தார்.

மெஷினைப் பார்த்ததும் மகனின் முகம் மாறியது.

"Boss, இதெல்லாம் எதுக்கு? பழைய கேஸ்தானே? வெளிய விட்டுடுங்க லா. அஞ்சு நிமிஷ வேல."

"விடக்கூடாது தம்பி. மேல போயி ஓசோனக் கெடுக்குது. அதோட இது கம்ப்ரசர் எரிஞ்ச கேஸு. ஆசிட் இருக்கும். கீழ் வீட்டுக்காரங்க மூஞ்சில போயி விழும்."

"காத்துல போயிடும் boss. யாரு பாக்கப் போறா?"

"பாக்குறதுக்காகச் செய்யல தம்பி."

மகன் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். மறுபடியும் வந்து மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை சீக்கிரம் முடியவில்லையே என்ற அவசரம் என்றுதான் நான் நினைத்தேன்.

பலகையில் இடம் போதாததால் மெஷினும் சிலிண்டரும் அறைக்குள், ஜன்னலை ஒட்டித் தரையில் இருந்தன. சிலிண்டர் தராசின் மேல். அது சூடாகாமல் இருக்க ஈரத்துணி போர்த்தி, அடிக்கடி நனைத்துவிட்டு, எடையைச் சொல்லிக்கொண்டே இருப்பது என் வேலை. சிலிண்டரை முழுவதும் நிரப்பக் கூடாது. வெயில் பட்டு உள்ளே விரிந்தால் வெடித்துவிடும். ஆனால் அன்று நிரம்பும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. வெளிப்பெட்டியின் லேபிளில் போட்டிருந்த எடையில் பாதிகூட வருவதற்குள் அழுத்தம் காட்டும் கேஜின் முள் கீழே இறங்கிவிட்டது.

"அவ்ளோதானா?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டார்.

"அவ்ளோதான்."

"அழுத்தம் சரியா காட்டுச்சே. எங்கயோ ஒழுகியிருக்கும் போல. சரி, மூடு."

வால்வை மூடி, மெஷினை நிறுத்தி, சிலிண்டரிலிருந்து டியூபைக் கழற்றினேன். புஸ்ஸென்று கொஞ்சம் கேஸ் வந்தது. வழக்கமாக வருவதுதான். அந்தக் கேஸுக்குப் பெரிதாக வாடை இருக்காது. கம்ப்ரசர் எரிந்திருந்தால் கருகின எண்ணெய் நெடி வரும். அன்றும் அந்த நெடி வந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அழுகிய வெங்காயம் போல ஒரு வாடை.

அடுப்பு கேஸ்.

எழுந்து குசினிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்பு கேஸ் சிலிண்டரான தோங்கின் தலை மூடியிருந்தது. குனிந்து டியூபை முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. ஹாலில் முந்தின நாள் போட்ட சாம்பிராணியின் மணம்தான் இருந்தது. படுக்கையறைக்குத் திரும்பினேன். நின்றுகொண்டிருந்தால் வாடை குறைவு. சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்ததும் குப்பென்று அடித்தது. தரையோடு தரையாகக் கிடந்தது அது.

வெளியே அவர் குழாயின் பித்தளை மூடியைத் திறந்து, குழாய் பற்றவைக்கும் டார்ச்சைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். பற்றவைத்த குழாய் இணைப்பை நெருப்பில் இளக்கித்தான் பழைய கம்ப்ரசரைக் கழற்ற வேண்டும். டார்ச்சைக் கொளுத்த அவரிடம் ஒரு லைட்டர் உண்டு. கைப்பிடியை அழுத்தினால் கல் உரசிப் பொறி தெறிக்கும். அது என் பக்கத்தில் சாமான் பெட்டியில் கிடந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"லைட்டரக் குடு."

"என்னங்க, அடுப்பு கேஸ் வாடை அடிக்குது."

"குசினில பாரு."

"பாத்துட்டேன். அங்க இல்ல. இங்கதான். தரையில."

"அது எரிஞ்ச எண்ணெ. கம்ப்ரசர் எரிஞ்சா அப்பிடித்தான் நாறும். குடு."

"எண்ணெ வாடை எனக்குத் தெரியும். இது வேற."

அவர் குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே மூக்கை நீட்டினார். அவருக்கு சைனஸ். வருஷத்தில் பாதி நாள் சாம்பாரின் வாடையே தெரியாது. "ஒண்ணும் இல்ல," என்றார்.

"உங்களுக்குத் தெரியாது. உள்ள வாங்க."

"காலையில பெட்ரோல் ஒழுகுதுன்ன. ஒழுகுச்சா?"

நான் சிலிண்டர் வால்வை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

"வயரு கருகுதுன்ன. கருகுச்சா? நான் வெயில்ல, ஒரு கால் வைக்கிற எடத்துல நிக்கிறேன். குடு லா."

நீட்டிய கை அப்படியே இருந்தது. உள்ளங்கை நிறைய கரி. அவர் கோபப்படுவது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. காலையில் இரண்டு முறை என் மூக்கு பொய் சொல்லியிருந்தது. மூன்றாவது முறையும் சொல்லாது என்று எதை வைத்து நம்புவது? லைட்டரைக் கையில் எடுத்துக்கூட விட்டேன். அப்போது மறுபடியும் அந்த வாடை வந்தது. லைட்டரை என் கைப்பைக்குள் போட்டு, பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"குடுக்க மாட்டேன்."

"என்ன?"

"நீங்க உள்ள வந்து பாக்காம குடுக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாடிக்கையாளர் வீட்டில், வெளியே மகன் நடமாடிக்கொண்டிருக்கும்போது, நான் அவர் பேச்சை மறுத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் கதவு திறந்தது.

"என்ன பிள்ளை, என்ன சத்தம்?" ஆன்டிதான். கையில் சாம்பிராணிச் சட்டி. அதில் தணல் சிவந்து கிடந்தது. குழந்தையைக் குளிப்பாட்டி முடித்திருக்கிறார்கள். "நான் இந்த அறையில இருக்கிற பிள்ளையின்ர துணியை எடுத்துக்கொண்டு போகிறன். நீங்கள் வேலையைப் பாருங்கோ."

"ஆன்டி, அங்கயே நில்லுங்க! உள்ள வராதீங்க!"

அவர் திகைத்து நின்றார். எவ்வளவு பலமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஹாலில் குழந்தை அழ ஆரம்பித்தது.

"நெருப்ப வெளிய கொண்டு போங்க. தயவுசெஞ்சி."

"ஏன்? பச்சைப்பிள்ளைக்குப் புகை பிடிக்கக் கூடாதோ? என்ர வீட்டில நான் நெருப்பு வைக்கிறதுக்கு உன்னைக் கேட்க வேணுமோ?"

விளக்கம் சொல்ல நேரம் இல்லை. சிலிண்டர் மேல் கிடந்த ஈரத்துணியை இழுத்து, அதால் சட்டியின் பிடியைப் பற்றி, அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினேன். ஹாலைக் கடந்து, வாசல் கதவைத் தாண்டி, பொது நடையின் கடைசி வரை ஓடினேன். ஒரு தணல் துண்டு தெறித்து என் பாவாடையில் விழுந்து, ஓட்டை போட்டுவிட்டுக் கீழே உருண்டது. செருப்பால் மிதித்தேன். அங்கே பூச்செடிகளுக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரைச் சட்டியில் கவிழ்த்தேன்.

திரும்பி வந்தபோது மகன் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"Boss," என்றார். "பத்த வைக்காதீங்க."

என் கணவர் ஜன்னலுக்கு வெளியே அசையாமல் நின்றார். "இதுல என்ன கேஸு இருக்கு?"

மகன் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார்.

"போன மாசம் குளிர் கம்மியாச்சி. செந்தூல்ல கார் ஏர்கோன் பாக்குற கூட்டாளி ஒருத்தன். அடுப்பு கேஸு போட்டா இன்னும் நல்லா குளிரும்னான். எல்லாரும் போடுறாங்கன்னான்."

"எவ்ளோ போட்டீங்க?"

"தெரியல boss. குளிர் வர்ற வரைக்கும் போட்டான்."

எடை ஏன் பாதிகூட வரவில்லை என்பதும், அழுத்தம் ஏன் சரியாகக் காட்டியது என்பதும் என் கணவருக்கு அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும். அடுப்பு கேஸின் எடை குறைவு. அழுத்தமோ ஏறக்குறைய ஒன்றுதான். கேஜை மட்டும் பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது பிறகுதான். அப்போது டார்ச்சின் வாயை இறுக மூடி, அதை இரண்டு கையாலும் ஜன்னல் வழியாக உள்ளே வைத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு காலாக உள்ளே ஏறி வந்தார். நெற்றி முழுவதும் வேர்வை. கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நான் அவிழ்த்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"யாரும் சுவிட்சத் தொடாதீங்க," என்றார். "காத்தாடி ஓடுறது ஓடட்டும், நிறுத்தவும் வேணாம். ஆன்டி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எல்லாரும் கீழ போயிடுங்க. தம்பி, மீட்டர் பெட்டி வெளிய தானே? போறப்ப மெயினை ஆஃப் பண்ணிடுங்க."

மகள் ஈரத்தலையோடு குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். பிரசவமான உடம்பு, ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடிந்தது. ஆன்டி முன்னால் பின்பக்கமாக இறங்கியபடியே, விழுந்தால் தாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டிக்கொண்டே போனார்.

என் கணவர் என்னையும் போகச் சொன்னார். நான் படிக்கட்டின் தலைப்பில் நின்றுகொண்டேன். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. வாசலைத் திறந்து விட்டால் படி வழியாகக் கீழே இறங்கும். யாராவது நெருப்போடு வந்தால் தடுக்க ஓர் ஆள் வேண்டும். நான் நினைத்தது போலவே கீழ் மாடியிலிருந்து ஒரு மலாய்க்காரர் வாயில் சிகரெட்டோடு ஏறி வந்தார்.

"அபாங், ரோக்கோக் மாத்தி டூலு! கேஸ் போச்சோர்!" என்று கத்தினேன்.

என் மலாய் எப்போதுமே சுமார்தான். ஆனால் கேஸ் ஒழுகுகிறது, சிகரெட்டை அணையுங்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சிகரெட்டை விரலாலேயே நசுக்கிக்கொண்டு இறங்கி, கீழ் வீடுகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார்.

வாசல் வழியாக என் கணவர் தெரிந்தார். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, கம்ப்ரசர் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதால் தரைக் காற்றை விசிறிக்கொண்டிருந்தார். கோழிகளை விரட்டுகிற மாதிரி, அறையின் மூலையிலிருந்து கதவு வரை குனிந்து விசிறிக்கொண்டே வருவார். மறுபடியும் மூலைக்குப் போவார். மெஷினில் எங்கோ ஒரு மூட்டு தளர்ந்து, கடைசிச் சில நிமிடங்களில் கேஸ் கசிந்திருக்கிறது. எவ்வளவு கசிந்தது என்று எங்களுக்குத் தெரியாது. பற்றியிருந்தால் அது வெறும் ஒரு மூச்சு நெருப்பாகப் போயிருக்கலாம், வேறு மாதிரியும் போயிருக்கலாம். அவர் தரையெல்லாம் விசிறி முடிக்கும் வரை நான் படிக்கம்பியை விடவே இல்லை.

சிலிண்டரை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்து வந்தது. மகன், அதைக் கீழே கொண்டுபோய் ஆற்றங்கரையில் திறந்துவிடலாம் என்றார். என் கணவர் வால்வை இறுக்கி, பித்தளை மூடியைப் போட்டு, சோப்பு நுரை தடவி, நுரை குமிழ் விடுகிறதா என்று முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு தடித்த பேனாவால், கலந்த கேஸ், தீப்பிடிக்கும் என்று அதன் மேல் எழுதி, யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். லோரியின் திறந்த பின்பகுதியில் நிமிர்த்தி வைத்துக் கட்டி, நனைத்த சாக்கைப் போர்த்தினார்.

"நீ ரயில்ல வா," என்றார்.

"ஏன்?"

"ரயில்ல வா லா."

"நானும் வர்றேன்."

"ரெண்டு பேரும் ஒரே வண்டியில வேணாம்." அவர் பார்வை என் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது.

பழைய ரயில் நிலையம் வரை நடந்தேன். கிள்ளான் பக்கம் போகும் கொம்யூட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். பாவாடையில் விழுந்த ஓட்டையைக் கைப்பையால் மறைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் ஏர்கோன் போட்டிருந்தார்கள். எனக்குக் குளிரில் பல் கிட்டியது. அடுப்பு கேஸ் தோங் ஏற்றின லோரிகள் தினமும் இதே சாலையில் போகின்றன, ஒன்றும் ஆவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். இதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெட்டாலிங் ஜெயா தாண்டி ரயில் காரணமே இல்லாமல் நின்றது. தூரத்தில் நெடுஞ்சாலைப் பக்கம் கறுப்பாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. எதிரில் இருந்த சீனப் பாட்டியிடம் அது என்ன என்று கேட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தெரியாது என்று தலையை ஆட்டினார். யாரோ குப்பை எரித்திருக்க வேண்டும். அன்று அப்படி நினைக்க என்னால் முடியவில்லை. ரயில் மறுபடியும் நகர்ந்து, புகை கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

கிள்ளானில் இறங்கிப் பொதுத் தொலைபேசியிலிருந்து அவருடைய நிறுவனத்துக் கிடங்குக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? டாக்சி பிடித்துக்கொண்டு போனேன். கிடங்கு கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்குத் தள்ளி, ஒரு மரநிழலில் லோரி நின்றது. அதற்கு எதிர்ப்பக்கம், சாலையோரக் கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலாளருக்குச் சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார் என்றார். பிறகு இருவரும் லோரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கயிறு கட்டியிருந்தேன்," என்றார் திடீரென்று.

"ஆமா."

"தீ வந்திருந்தா கயிறுதான் மொதல்ல எரிஞ்சிருக்கும். பயந்து நான் பின்னால ஒரு கால் வச்சிருப்பேன். பின்னால மூணு மாடி பள்ளம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் என் கையைப் பிடிக்கவில்லை. தெருவில் அதெல்லாம் செய்கிற ஆள் இல்லை. தன் கைக்குட்டையை எடுத்து, அதில் கரி இருப்பதைப் பார்த்து, மடித்து, சுத்தமான பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"கேட்டிருக்கணும் நான்," என்றார். "நீ சொன்னதும் உள்ள வந்திருக்கணும்."

மேலாளர் அரைக்கால் சட்டையோடு வந்தார். சீனர், அதிகம் பேசாதவர். சிலிண்டரைக் கிடங்கின் பின்புறம், வெட்டவெளியில், தகரக் கூரையின் நிழலில் தனியாக வைக்கச் சொன்னார். கேஸ் சப்ளை செய்யும் இடத்தில் சொல்லி எடுத்துப்போக ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். திட்டவில்லை. ஆனால் மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், இனிமேல் வெளி வேலைக்குத் தர முடியாது என்றார். அது அவருக்குத் திட்டைவிட அதிகம் வலித்தது என்று எனக்குத் தெரியும். மெஷின் இல்லாமல் அவர் ஏர்கோன் திறக்க மாட்டார். கடைசியில் சொந்தமாக ஒன்று வாங்கும் வரை எங்கள் ஞாயிறுகள் சும்மாவே கழிந்தன.

ஆனால் ஆன்டி வீட்டு வேலையை அரைகுறையாக விட முடியாது. அங்கே கேஸை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் அந்த மெஷின் வேண்டியதில்லை; அடுத்த வாரம் போனோம். என் கணவர் முதலில் நைட்ரஜனைச் செலுத்தி, குழாய்களுக்குள் தங்கியிருந்ததை ஜன்னலுக்கு வெளியே முழுவதும் தள்ளினார். நெருப்பை வைக்காமல், கையால் சுற்றும் கட்டரால் குழாயை வெட்டிப் பழைய கம்ப்ரசரைக் கழற்றினார். உள்ளே இருந்த கறுத்த எண்ணெயைக் கையுறை போட்டுத் தனி டப்பாவில் பிடித்தார். எல்லாம் சுத்தம் என்று நிச்சயம் ஆன பிறகுதான் புதியதை வைத்துப் பற்றவைத்தார். பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, புது கேஸை எடை பார்த்து ஏற்றினார். மாலையில் அறை குளிர்ந்தது. மகள் குழந்தையைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார். அது கையைக் காலை விரித்துக்கொண்டு உடனே தூங்கிவிட்டது.

ஆன்டி எனக்குத் தேநீர் கொடுத்தார். மகனுக்குக் கொடுக்கவில்லை. அவர்களுக்குள் ஒரு வாரமாகப் பேச்சில்லை என்று மகள் காதில் சொன்னார்.

மகன் பழைய கம்ப்ரசரை எங்களோடு கீழே தூக்கி வந்தார். லோரியில் வைத்த பிறகும் போகாமல் நின்றார்.

"Boss, இன்னும் வீடு இருக்கு."

"என்ன வீடு?"

"என் கூட்டாளி போட்டுக் குடுத்த வீடு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தெருவுலயும் பின் தெருவுலயும்."

என் கணவர் லோரிக் கதவைச் சாத்திவிட்டு, "வாங்க, காட்டுங்க," என்றார்.

மூவருமாக நடந்தோம். மகன்தான் ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, தான் செய்ததைத் தன் வாயாலேயே சொன்னார். சிலர் பயந்தார்கள். ஒரு வீட்டில் அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். அந்தக் கையை அவர் தட்டிவிடவில்லை. இப்போது ஒன்றும் ஆகாது, ஆனால் யாராவது பழுது பார்க்க வந்தால், நெருப்பு வைப்பதற்கு முன் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், எங்களைக் கூப்பிட்டாலும் வந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்று என் கணவர் எல்லோரிடமும் சொன்னார். பெரும்பாலும் கூப்பிட்டார்கள்; சொந்த மெஷின் வாங்கியதும் போய் எடுத்துக் கொடுத்தோம்.

பின் தெருவில், கீழ்த்தள வீடு ஒன்றில் மட்டும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் எங்களைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

"நல்லா குளிருது. எனக்கு அது போதும்."

"அண்ணே, இப்ப இல்ல. பின்னால ரிப்பேர் பண்றப்ப..."

"வேலை பிடிக்க இப்பிடியும் வர ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அந்த வீட்டின் வெளிப்பெட்டி, சந்துப் பக்கச் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. என் கணவர் தடித்த பேனாவை எடுத்து, உள்ளே அடுப்பு கேஸ், நெருப்பு வைக்காதே என்று அதன் தகரத்தில் எழுதினார். தமிழில் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். மலாயிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதினேன். ஜன்னல் திறந்தது, வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துக் கத்தினார். நான் கடைசி எழுத்து வரை எழுதி முடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ் போகும்போதெல்லாம் அந்தச் சந்து வழியாகவே போவேன். எழுத்து வெயிலில் மங்கினாலும் படிக்க முடிந்தது. ஒருமுறை போனபோது சுவரில் பெட்டி இல்லை. நான்கு ஆணி ஓட்டைகளும், வெட்டிய குழாயின் நுனியும் மட்டும் இருந்தன. கிட்டப் போய்க் குழாயைப் பார்த்தேன். நெருப்புப் பட்ட கறுப்பு எதுவும் இல்லை. கட்டரால் வெட்டிய, பளபளக்கும் செம்பு. யார் வெட்டினார்கள், அந்தக் கேஸை என்ன செய்தார்கள் என்று கேட்க அந்தக் கதவைத் தட்டினேன். வீடு மாறிப் புதிதாக வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.